மேல் பிளக்கை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்: மலை ஜீப்பின் கிரவுன் ஆயில்

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு தம்பி ஜீப்பை என் பட்டறைக்குக் கொண்டு வந்தார். இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் போகிற வண்டி. "அண்ணே, பின்னாடி ஊன்னு ஒரு சத்தம் வருது. நாப்பதைத் தாண்டுனா கூடுது. வீல் பேரிங்னு நினைச்சு ரெண்டு பக்கமும் மாத்திட்டேன், நிக்கல" என்றார். பேரிங் இரண்டும் புதுசுதான். பின் ஆக்சிலில் ஆயில் ஊற்றுகிற மேல் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டி வந்தது ஆயிலாகவே இல்லை. பால் தாராளமாக ஊற்றின காபி நிறத்தில், நுரைத்துப்போய் இருந்தது.

"கிரவுன் ஆயில் எப்பப்பா மாத்துன?" என்று கேட்டேன்.

"அதையும் மாத்தணுமாண்ணே? வண்டி வாங்கி நாலு வருஷம் ஆச்சு, தொட்டதே இல்ல."

இன்ஜின் ஆயிலைத் தேதி தவறாமல் மாற்றுகிறவர் அவர். வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருப்பார். ஆனாலும் டிஃபரன்ஷியலுக்குள் ஆயில் இருக்கிறது, அதுவும் கெட்டுப்போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிரவுனும் பினியனும் பல்லில் குழி விழுந்து, பேரிங் எல்லாம் துருப்பிடித்து, மொத்தமாக மாற்ற வேண்டியதாயிற்று. சீசன் நேரத்தில் பல நாள் ஓட்டம் போனது அதற்கு மேல். பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கம் ஓடுகிற ஜீப்புகளில் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், ஆக்சிலின் நடுவில் குண்டாகத் தெரிகிற அந்த டிஃபரன்ஷியலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி ஷாஃப்ட் வழியாகப் பினியன் என்கிற சின்னப் பற்சக்கரத்துக்கு வருகிறது. பினியன் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுற்றுகிறது, கிரவுனோடு சேர்ந்து சுற்றுகிற கூட்டுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள் இரண்டு டயருக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. பெரும்பாலான ஜீப்புகளில் பினியன், கிரவுனின் நடு அச்சுக்கு நேராக இருக்காது, கொஞ்சம் கீழே தள்ளி இருக்கும். ஹைப்பாய்டு கியர் என்று சொல்வது இதைத்தான். ஆட்டுக்கல்லில் குழவி உருள்கிறது. அம்மியில் குழவி இழுபட்டுத் தேய்கிறது. ஹைப்பாய்டு பற்கள் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கின்றன. உருண்டுகொண்டே தேய்கின்றன, அதுவும் வண்டியின் மொத்த பாரத்தோடு. அவ்வளவு அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியே போய்விடும். இரும்பு இரும்போடு உரசும்.

அதைத் தடுக்கத்தான் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து கலக்கிறார்கள். பல்லும் பல்லும் உரசிச் சூடாகிற இடத்தில் அது இரும்போடு வினைபுரிந்து மெல்லிய ஒரு தோலை உண்டாக்கும். தேய்வது அந்தத் தோல், பல் தப்பித்துக்கொள்ளும். புது கியர் ஆயில் கேனைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையதுதான். இன்ஜின் ஆயிலில் இந்த வேலைக்கு ஆன அளவு மருந்து கிடையாது. ஆகவே மிச்சம் இருக்கிற இன்ஜின் ஆயிலைக் கிரவுனில் ஊற்றி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, எந்த ஆயில் வாங்குவது? கேனில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ஜிஎல் எண், அதாவது பல்லின் அழுத்தத்தை ஆயில் எவ்வளவு தாங்கும் என்ற தரம். ஹைப்பாய்டு கிரவுனுக்கு ஜிஎல்-5 வேண்டும். ஜிஎல்-4இல் மருந்து குறைவு; மேடு பள்ளத்தில் விழுந்து எழும் ஜீப்பின் அதிர்ச்சியை அது தாங்காது. அதற்காக ஜிஎல்-5தான் உசத்தி, எல்லா இடத்துக்கும் அதையே ஊற்றுவோம் என்று போய்விடக் கூடாது. பல கியர்பாக்ஸுகளுக்குள் கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கிற பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகம் அந்தப் பித்தளையை அரிக்கும். அதனால் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்கிற வண்டிக்கு ஜிஎல்-4தான். முன், பின் ஆக்சிலுக்குப் பலத்தைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸுக்கு என்ன என்பதைத் தனியாக மேனுவலில் பாருங்கள். ஒரே கேனை வாங்கி மூன்றிலும் ஊற்றுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறது. நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

இரண்டாவது, கெட்டித்தன்மை. 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140, 75டபிள்யூ-90 என்று போட்டிருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி இளகும் என்பதற்கு, பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 80டபிள்யூ என்றால் உறைநிலைக்குக் கீழே 26 டிகிரி வரை சோதித்த ஆயில். ஜனவரியில் மூணாறு பக்கம் புல்லில் உறைபனி படிகிறதே என்று பயந்து விலை கூடிய 75டபிள்யூ தேட வேண்டியதில்லை. நம் மலைக் குளிருக்கு 80டபிள்யூவே தாராளம். நம் பிரச்சினை மறுபக்கம்: பாரமும் சூடும். இன்னொன்று, இந்த 90ஐ இன்ஜின் ஆயிலின் 40, 50ஓடு ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயிலின் 90, இன்ஜின் ஆயிலின் 40க்கும் 50க்கும் பக்கத்திலேயே வரும்.

என் அனுபவத்தில் சுற்றுலா ஜீப்புக்கும் வீட்டு உபயோக வண்டிக்கும் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 போதும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் நிறைய ஏற்றி வருகிற பழைய வண்டிகளுக்கு, மேனுவல் அனுமதித்தால், 85டபிள்யூ-140 போடுகிறேன். ஆனால் சத்தம் வருகிறது என்று கெட்டி ஆயிலை ஊற்றி அமுக்கப் பார்ப்பது தப்பு. சத்தம் கொஞ்சம் அடங்கும், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். சிந்தெடிக் ஆயில் நல்லதுதான், சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் ஓடையில் இறங்குகிற வண்டிக்கு, விலை கூடிய ஆயிலை நாலு வருஷம் வைத்திருப்பதைவிடச் சாதாரண ஆயிலை அடிக்கடி மாற்றுவதே மேல். தண்ணீர் புகுந்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஒரு டயர் மட்டும் சும்மா சுற்றுவதைக் குறைக்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டி என்றால், உள்ளே இருக்கிற கிளட்ச் தகடுகளுக்காகத் தனியாக ஒரு மருந்து சேர்த்த ஆயில் வேண்டும். இல்லையென்றால் வளைவில் பின்பக்கம் கடகடவென்று உதறும். 2020இல் வந்த மஹிந்திரா ‘தார்’ வண்டியின் சில மாடல்களில் பின்னால் தானாகவே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதற்கு மேனுவலில் சொன்னதைத் தவிர எதையும் சேர்க்காதீர்கள்.

இப்போது தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதற்கு வருகிறேன். அந்தத் தம்பி கேட்ட கேள்வியே அதுதான்: "ஆத்துல முங்குற அளவுக்கு நான் போனதே இல்லையேண்ணே?" முங்கவே வேண்டாம். பாரத்தோடு ஏறி வந்த ஆக்சில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே ஓடைத் தண்ணீரில் இறங்கினால் ஹவுசிங், அதாவது ஆக்சிலின் இரும்புக் கூடு, சட்டென்று குளிரும். உள்ளே 80 டிகிரியில் இருந்த காற்று 20 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்குகிற காற்று வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுக்கும். தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும், பிரீதர் வழியாகவோ பழைய ஆயில் சீல் வழியாகவோ. ஒவ்வொரு முறையும் ஒரு மடக்கு. ஒரு மழைக்காலத்தில் எத்தனை ஓடை, எத்தனை மடக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிரீதர் என்பது ஆக்சில் குழாய் மேல் இருக்கிற சின்ன மூடி. உள்ளே சூடாகிற காற்று வெளியேற வழி. மலைச் சேறு காய்ந்து அது அடைத்துக்கொண்டால் வேறு ஆபத்து. உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சீலைத் தாண்டினால் அடுத்து இருப்பது பிரேக் டிரம். ஒருமுறை ஆட்களை ஏற்றி இறக்குகிற ஒரு ஜீப், பின் பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தது. டிரம்மைக் கழற்றினால் லைனர் முழுக்கக் கியர் ஆயில் ஊறிக் கிடந்தது. போடிமெட்டு இறக்கத்தில் சாயங்காலம் தோட்டத்துப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இறங்கும் வண்டி அது. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கிவிட்டது. காரணம் விரல் நுனியளவு சேறு, பிரீதர் வாயில். அதனால் பட்டறைக்கு வருகிற எல்லா ஜீப்புக்கும் பிரீதர் மூடியை எடுத்துவிட்டு, ஆயில் தாங்குகிற ரப்பர் டியூப் மாட்டி, மேலே பாடிக்குப் பக்கத்தில் உயர்த்திக் கட்டிவிடுகிறேன். ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது இழுபடாமல் டியூபில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். சின்ன செலவு, தண்ணீர் தொல்லையும் சேற்றுத் தொல்லையும் சேர்ந்தே போகும்.

மாற்றுகிற முறைக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நிறுத்தினால் லெவல் பொய் சொல்லும். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து செய்தால் ஆயில் இளகி, அடியில் தங்கின துகளையும் சேர்த்துக்கொண்டு வடியும். டயருக்குக் கட்டை வையுங்கள். ஜீப்பைத் தூக்காமலே அடியில் கை போகும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டு போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டித் துடையுங்கள்.

அப்புறம் முதலில் மேல் பிளக்கைக் கழற்றுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். கீழ் பிளக்கை முதலில் திறந்து ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருவில் இறுகிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்? ஊற்ற வழி இல்லை, ஓட்டவும் முடியாது. தோட்டத்துக்குள்ளேயே நின்றுபோன வண்டிக்கு நான் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சில பழைய ஹவுசிங்கில் கீழ் பிளக்கே கிடையாது. பின்மூடியைக் கழற்றியோ பம்ப் வைத்து உறிஞ்சியோதான் எடுக்க வேண்டும்.

வடிகிற ஆயிலைப் பாருங்கள். கருத்திருந்தால் வயசு. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர். காந்தம் வைத்த பிளக் என்றால் அதன் நுனியில் சாம்பல் நிற மாவு மாதிரி ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். நகக்கண் அளவுக்குச் செதிலோ பல்லின் முனையோ வந்தால் ஆயில் மாற்றி ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் கிரவுனைப் பிரித்துப் பாருங்கள்.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவுகிறவர்கள் உண்டு. வேண்டாம். மூலையில் தங்கி புது ஆயிலை நீர்க்கச் செய்யும். தண்ணீர் புகுந்த ஆக்சிலுக்கு அதே தரத்தில் புது ஆயில் ஊற்றி 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதையும் வடித்து, மறுபடி புதுசு ஊற்றுகிறேன். ஆயில் இரண்டு தடவை செலவுதான், ஆனால் பேரிங் பிழைக்கும்.

கீழ் பிளக்குக்குப் புது வாஷர் போட்டு இறுக்கிவிட்டு மேல் துளை வழியாக ஊற்றுங்கள். துளையின் கீழ் விளிம்பு வரை வந்து மெல்ல வழியத் தொடங்கினால் போதும். சுண்டு விரலை உள்ளே வளைத்தால் ஆயில் தொட வேண்டும். மேலே இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று வண்டியைச் சரித்து வைத்து ஊற்றாதீர்கள். அளவு கூடினால் நுரைக்கும், சூடாகும், சீலைத் தள்ளும், பிறகு பழைய பிரேக் கதைதான். முன் ஆக்சிலிலும் இதேபோல் ஒரு கிரவுன் இருக்கிறது. ஃபோர் வீல் போட்டு ஏறுகிறவர்கள்கூட அதை மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? மேனுவலில் ஒரு கிலோமீட்டர் கணக்கு இருக்கும். அது தார் ரோட்டுக்கு எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மேனுவலில் கடுமையான ஓட்டத்துக்குக் குறைந்த கணக்கு தனியாகவே இருக்கும். கொழுக்குமலை ஏறுகிற வண்டிகளுக்கு மழைக்கு முன் ஒருமுறை பார்த்து, மழை முடிந்ததும் மாற்றிவிடச் சொல்கிறேன். கிரவுன் பினியன் புதிதாகப் போட்ட வண்டிக்கு முதல் 1,000 கிலோமீட்டரிலேயே மாற்றுகிறேன்; புதுப் பற்கள் ஒன்றுக்கொன்று படியும்போது உதிர்கிற தூள் அதில்தான் இருக்கும். ஓட்டுகிற விதமும் சேரும். ஒரு டயர் சேற்றில் மாட்டிச் சும்மா சுற்றும்போது ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டே இருந்தால், உள்ளே உள்ள சின்னப் பற்சக்கரங்கள் அசுர வேகத்தில் சுழலும், அவற்றின் வாஷரில் ஆயில் நிற்காது. நிறுத்திவிட்டு டயருக்கு அடியில் கல் போடுங்கள். இறக்கத்தில் கியரிலேயே வண்டியின் வேகத்தைப் பிடித்து இறங்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் அப்போது பாரம் பல்லின் மறுமுகத்தில் ஏறுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மட்டும் சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் அதைச் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

வடித்த ஆயிலை எங்கே கொட்டுகிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் வழியே ஓடும் பன்னியாறு பொன்முடி அணைக்குப் போய், பிறகு பெரியாற்றோடு சேர்கிறது. ஓடையோரம் வண்டியை நிறுத்தி, பிளக்கைத் திறந்து, அப்படியே மண்ணில் வடியவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஏலச்செடிக்குப் பாய்ச்சுகிறார்கள். மூடியுள்ள ஒரு பழைய கேனில் பிடித்துக் கொண்டு வாருங்கள். பட்டறை மூலையில் ஒரு பேரல் வைத்திருக்கிறேன். அனுமதி உள்ள ஆட்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். என்னிடம் ஆயில் மாற்றாத வண்டிக்காரர்களும் அதில் ஊற்றலாம், காசு எதுவும் வேண்டாம்.