'ஆல்ட்+சி' என்று எழுதிவிட்டால் போதுமா?

குடியாத்தத்தில் ஒரு லுங்கி மொத்தக் கடைக்கு, கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பிரைம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். நான் எழுதிய கையேட்டை முன்பே கொடுத்திருந்தேன். அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா பல வருஷம் பேரேட்டில் கை பழகியவர். ஆனால் பில் போடும்போது புதுப் பார்ட்டி வந்தால், பாதி பில்லை அப்படியே விட்டு வெளியே வந்து, அவர் பெயரில் லெட்ஜர் (தனிக் கணக்கு) திறந்து, மறுபடி முதலிலிருந்து போட்டார்.

"அங்கேயே ஆல்ட் சி போட்டா லெட்ஜர் திறக்கும்னு புக்குல இருக்கே அக்கா?"

"போட்டுப் பார்த்துட்டேன் சார், ஒண்ணும் வரல."

செய்து காட்டினார். ஆல்ட்டைத் தட்டிக் கையை எடுத்தார். வலது ஓரம் போய்க் கூட்டல் குறியை அழுத்தினார். அப்புறம் சி. எழுதியிருந்தபடியேதான் செய்திருக்கிறார். தப்பு என் எழுத்தில்.

பட்டன் திரையில் தெரிந்தால் நாலு இடத்தில் தொட்டுப் பார்த்தாவது கண்டுபிடித்துவிடலாம். ரெண்டு கீயைச் சேர்த்து அழுத்துவதை யாராவது சொன்னால்தான் தெரியும். பக்கத்தில் ஆள் இல்லாதவருக்குக் கையேடுதான் ஆள். அதனால் அந்த வரியை இப்படி மாற்றினேன்: 'ஸ்பேஸ் பாரை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் ஆல்ட் கீயை அழுத்தியபடியே வைத்திருங்கள். விரலை எடுக்காமல் சி கீயை ஒருமுறை தட்டுங்கள். லெட்ஜர் திரை வரும். வராவிட்டால், பார்ட்டி பெயர் கேட்கும் இடத்தில் கர்சர் இருக்கிறதா பாருங்கள். வேண்டாமென்றால் எஸ்கேப் தட்டித் திரும்பலாம்.' ஒரு வரி அஞ்சு வரி ஆனது. ஆகட்டும்.

லேப்டாப் என்றால் இன்னொரு சிக்கல். தேதி மாற்ற எஃப்2 என்று போட்டிருப்போம். பல லேப்டாப்களில் அதைத் தட்டினால் வெளிச்சமோ சத்தமோதான் மாறும். எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் அங்கேயே எழுதிவிடுங்கள்.

எக்செல்லிலிருந்து வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். அங்கே கன்ட்ரோல்+ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும். டேலியில் அதே கீ என்ட்ரியைச் சேமித்துவிடும். தொகை தப்பாக இருந்தாலும் வவுச்சர், அதாவது அந்த என்ட்ரி, பதிவாகிவிடும். ஆல்ட்+டி வவுச்சரையே அழிக்கும். இந்த மாதிரிக் கட்டளைகளை அட்டவணையில் மற்றதோடு ஒன்றாக வைக்காதீர்கள். அழுத்தும் முன்பே கண்ணில் படுகிற மாதிரி எச்சரிக்கை தனியாக இருக்கட்டும்.

இப்போதெல்லாம் கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன், கம்ப்யூட்டர் அதிகம் பழகாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருகிறேன். அவர் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. போன முறை உட்கார்ந்தது ராணிப்பேட்டையில், ஒரு தோல் கம்பெனி ஸ்டோரில். அங்கிருந்த தம்பி, நான் பெருமையாகத் திருத்தி வைத்திருந்த அந்த அஞ்சு வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"கர்சர்னா எது சார், இந்த மின்னுற கோடா?"

இப்போது கையேட்டில் 'மின்னும் கோடு' என்றே இருக்கிறது.