ஃபுட் எப்படி ஃபீட் ஆனது? ஆங்கிலப் பன்மையின் உள்வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசையில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் இடத்துக்கு அஞ்சடி என்று பெயர். மலாயில் காக்கி லீமா. ஆங்கிலத்தில் ஃபைவ்-ஃபுட் வே. முன்னால் ஐந்து என்று எண் இருக்கிறதே, ஃபீட் என்றல்லவா வர வேண்டும்? தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இப்படிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இங்கிலீஷ் அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ."

மனப்பாடம் ஓரளவு வேண்டியதுதான். ஆனால் "அப்படித்தான்" என்பது சரியான பதில் ஆகாது. ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற பன்மைகள் என்று பட்டியலிடப்படும் ஒவ்வொரு கூட்டமும், ஒரு காலத்தில் ஒழுங்காக ஓடிய ஏதோ ஒரு விதியின் மிச்சம். அந்த விதிகளின் போக்கு தமிழ் பேசுகிறவர்களுக்குப் புதிதும் இல்லை.

எழுத்தில் இலை, வீட்டுப் பேச்சில் எலை. உலகம் ஒலகம் ஆகிறது, குடம் கொடம் ஆகிறது, முகம் மொகம் ஆகிறது. ஆனால் முடியை யாரும் மொடி என்பதில்லை, புளியைப் பொளி என்பதில்லை. காரணம் அடுத்த அசையில் இருக்கிறது. பின்னால் அ அல்லது ஐ வந்தால் முன்னாலுள்ள இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தாழ்கிறது. பின்னால் இ அல்லது உ இருந்தால் இருந்த இடத்திலேயே நிற்கிறது. வரப்போகும் ஒலிக்கு நாக்கு முன்கூட்டியே தயாராகிவிடுவதால் நடக்கும் மாற்றம் இது.

ஃபுட்டுக்கு நடந்ததும் இதே வகைதான். ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் ஆகியவற்றின் தாய்மொழியில் பாதத்தைக் குறித்த சொல்லின் பன்மை, மொழியியலார் மீட்டுருவாக்கியபடி, ஏறக்குறைய ஃபோட்டிஸ். முதல் அசையில் ஓகாரம், அடுத்த அசையில் இகரம். ஓகாரத்துக்கு நாக்கு பின்னால் போகிறது, இகரத்துக்கு முன்னால் வருகிறது. நாக்கு முன்னுக்கு வரும் அவசரத்தில் ஓகாரமும் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து கடைசியில் ஏகாரமாகிவிட்டது. பிறகு அந்த இஸ் விகுதி தேய்ந்து உதிர்ந்தது. மாற்றத்தை உண்டாக்கிய இகரம் போய்விட்டது, மாறிய உயிர் மட்டும் நின்றது. பழைய ஆங்கிலத்தில் ஒருமை ஃபோட், பன்மை ஃபேட். சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் ஒரு பெரிய இடமாற்றம் கண்டன. அதில் ஃபோட் ஃபூட் ஆகிப் பிறகு குறுகி ஃபுட் ஆனது, ஃபேட் ஃபீட் ஆனது. மூஸ் என்றிருந்த எலி மௌஸ் ஆனது. அதன் பன்மை மைஸ் ஆனது.

இந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பவை ஏழே ஏழு: மேன், வுமன், ஃபுட், டூத், கூஸ், மௌஸ், லௌஸ். இவற்றில் வுமன் கொஞ்சம் ஏமாற்றும். எழுத்தில் மாறுவது இரண்டாம் அசை, உச்சரிப்பில் காதுக்குத் தெளிவாகக் கேட்பது முதல் அசையின் மாற்றம். பன்மையை விமின் என்று சொல்ல வேண்டும். வுமென் என்று சொல்வது எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கத்தால் வரும் பிழை. கீரிப்பிள்ளையைக் குறிக்கும் மாங்கூஸ் கூஸில் முடிந்தாலும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது மராத்தியிலிருந்து போன சொல். அந்தப் பழைய இகரத்தை அது பார்த்ததே இல்லை. எனவே மாங்கூஸஸ்.

ஏழு மட்டும் ஏன் தப்பின? பழைய ஆங்கிலத்தில் புத்தகத்துக்கும் இதே மாற்றம் இருந்தது. அந்தப் பன்மை அழியாமல் வந்திருந்தால் இன்று ஒரு புக், இரண்டு பீச் என்று சொல்லிக்கொண்டிருப்போம். பசுவுக்குக் கைன் என்ற பன்மை இருந்தது, பழைய பாடல்களோடு நின்றுவிட்டது. பல், பாதம், ஆண், பெண் என்று தினமும் வாயில் புழங்கும் சொற்களின் பழைய வடிவம் நினைவில் தங்குகிறது. அரிதாகப் பேசப்படும் சொல்லின் பழைய வடிவம் மறந்து, பொது விதி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கில வினைகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2007-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தது. அவற்றில் 98 மட்டுமே இன்றும் ஒழுங்கற்றவையாக இருக்கின்றன. 100 மடங்கு அரிதான வினை 10 மடங்கு வேகமாகப் பொது விதிக்குள் வந்துவிடுகிறது.

அடுத்த கூட்டம் நைஃப், லீஃப், காஃப், வுல்ஃப் போன்றவை. மரம் சீவும் கத்தி ஒன்றென்றால் நைஃப், பலவென்றால் நைவ்ஸ். இதற்கும் தமிழிலேயே சாவி இருக்கிறது. கடல் என்பதிலுள்ள ககரமும் பகல் என்பதிலுள்ள ககரமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிய ககரம் மென்மையாகிறது. பழைய ஆங்கிலத்தின் ஃப ஒலியும் அப்படியே. சொல்லின் கடைசியில் ஃப், விகுதி சேர்ந்து உயிர்களுக்கு நடுவில் வந்தால் வ். அந்த விதி ஓய்ந்த பிறகு பிரெஞ்சிலிருந்து வந்த சீஃப், புரூஃப் போன்றவை மாறாமல் சீஃப்ஸ், புரூஃப்ஸ் என்றே நிற்கின்றன. இதில் முழு ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாது. ரூஃப் பழைய ஆங்கிலச் சொல்தான், ஆனாலும் இன்று ரூஃப்ஸ் என்பதே வழக்கு. ஸ்கார்ஃப் பிரெஞ்சுச் சொல், அதுவோ ஸ்கார்வ்ஸ் ஆகிறது. வீட்டைக் குறிக்கும் ஹௌஸிலும் இந்த மென்மை நடக்கிறது, எழுத்துதான் காட்டுவதில்லை. பன்மையில் நடுவிலுள்ள ஸகரத்தைத் தொண்டை அதிரச் சொல்ல வேண்டும்.

ஆக்ஸன், சில்ரன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு பல சொற்களுக்கு இருந்த -அன் விகுதியின் மிச்சம் ஆக்ஸன். சில்ரன் என்பதில் பன்மை இரண்டு முறை ஏறியிருக்கிறது: ஏற்கெனவே ரகரம் சேர்ந்து பன்மையாக இருந்த சொல்லின் மேல் இந்த விகுதியையும் ஒட்டிவிட்டார்கள்.

ஷீப், டியர் இரண்டுக்கும் ஒருமையும் பன்மையும் ஒன்றுதான். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது விளக்கமே இல்லாமல் புரியும். மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன என்று பெயர் மாறாமல் வினை மட்டும் எண் காட்டுவதைப் பால்பகா அஃறிணை என்கிறோம். பழைய ஆங்கிலத்தில் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத நியூட்டர் பாலில் இருந்த ஒரு வகைச் சொற்களுக்குப் பன்மை விகுதியே கிடையாது. ஷீப்பும் டியரும் அதில் மிஞ்சியவை. நம் நாட்டுப் பணமும் ஆங்கிலத்தில் இப்படித்தான் நடக்கிறது. டென் ரிங்கிட் என்றே எழுத வேண்டும், ரிங்கிட்ஸ் கிடையாது. தமிழில் பத்து வெள்ளி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வரும்.

அஞ்சடிக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் எண்ணோடு அளவைச் சொல்லும்போது பாதம் ஆறாம் வேற்றுமைப் பன்மையில், ஃபோட்டா என்று வந்தது. அதில் இகரம் இல்லை, எனவே உயிர் மாறவும் இல்லை. விகுதி தேய்ந்த பிறகு அது ஒருமை போலவே ஒலித்தது. இந்த வழக்கத்திலிருந்தே சிக்ஸ்-ஃபுட் வால், ஃபைவ்-ஃபுட் வே வந்தன. இன்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விதி எளிது: எண்ணும் அளவும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடையாக முன்னால் நின்றால் அளவு ஒருமையில் இருக்கும். டென்-ரிங்கிட் நோட், ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய். தனியாக நின்றால் ஃபைவ் இயர்ஸ்.

இதுவரை சொன்னவை பார்ப்பதற்குக் கடினமானவை. ஆனால் தேர்வில் மதிப்பெண் கசிவது வேறு இடத்தில். ஆக்ஸன் எழுத வேண்டிய அவசியம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் மாணவனுக்கு வாழ்நாளில் எத்தனை முறை வரும்? ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஹோம்வொர்க், லக்கேஜ், ஜுவல்லரி, ஸ்டேஷனரி ஆகியவை கட்டுரைக்குக் கட்டுரை வரும். இவை எதற்கும் -ஸ் சேராது. கடைப் பலகைகளில் ஸ்டேஷனரீஸ் என்றும் ஃபர்னிச்சர்ஸ் என்றும் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது சரியென்று தோன்றுவதில் வியப்பில்லை. தமிழ்ப் பழக்கமும் சேர்ந்து இழுக்கிறது. ஆலோசனைகள், தகவல்கள், நகைகள் என்று தாராளமாகச் சொல்கிறோம்.

ஆங்கிலம் பெயர்களை இரண்டாகப் பிரிக்கிறது. தனித்தனியாக எண்ணத்தக்கவை ஒன்று. எல்லை இல்லாத பொருளாகப் பார்க்கப்படுபவை மற்றொன்று. தண்ணீர், எண்ணெய், ரப்பர் பால் இரண்டாம் வகையில் சேர்வது யாருக்கும் புரியும். மேசையையும் நாற்காலியையும் எண்ண முடியுமே, ஃபர்னிச்சர் ஏன் அங்கே போனது என்பதுதான் சிக்கல். வகை பிரிப்பது சொல்லின் வேலை, பொருளின் வேலை இல்லை என்று ஏற்றுக்கொண்டால்தான் இது அடங்கும். சேர் எண்ணத்தக்க சொல், ஃபர்னிச்சர் எண்ணத்தகாத சொல், இரண்டும் சுட்டுவது ஒரே நாற்காலியையாக இருக்கலாம். சில சொற்கள் இரு பக்கமும் நிற்கும். தோட்டத்தில் விளையும் ரப்பருக்குப் பன்மை இல்லை. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் இரண்டு இருந்தால் ரப்பர்ஸ். தாளாக இருந்தால் பேப்பருக்குப் பன்மை இல்லை, தேர்வுத்தாளாகவோ செய்தித்தாளாகவோ இருந்தால் பேப்பர்ஸ்.

இதைக் கற்பிக்க மலாய் மொழி நல்ல கைப்பிடி. மலாயில் எண்ணும்போது, எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் நிற்கும் பென்ஜோடோ பிலாஙான் என்ற சொல் இல்லாமல் ஓடாது: ஐந்து மாடு லீமா ஏக்கோர் லெம்பு, இரண்டு தாள் டுவா ஹெலாய் கெர்த்தாஸ். டுவா ஹெலாய் கெர்த்தாஸை வரிசை மாறாமல் ஆங்கிலத்தில் வைத்தால் டூ ஷீட்ஸ் ஆஃப் பேப்பர். ஹெலாய் இருந்த இடத்தில் ஷீட்ஸ் நிற்கிறது, பன்மை -ஸ் அதன் மேல்தான் ஏறுகிறது. இதே அச்சில் டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர், திரீ பேக்ஸ் ஆஃப் ஃபெர்டிலைசர், அ பீஸ் ஆஃப் அட்வைஸ். பிள்ளை ஏற்கெனவே மலாயில் சரளமாகச் செய்யும் வேலையை ஆங்கிலத்தின் எண்ணத்தகாத பெயர்களுக்கு மட்டும் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

சோதனை ஒன்று: சொல்லுக்கு முன்னால் மெனி பொருந்துகிறதா, மச் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மச் பொருந்தினால் -ஸ் வராது, முன்னால் அ அல்லது ஆன் வராது, வினை ஒருமையில் நிற்கும். மூன்று முடிவும் சேர்ந்தே வரும் என்பதால் வகையைத் தவறாகப் பிடித்தால் ஒரே வாக்கியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிழை விழலாம்.

கடைசியில் -ஸ் இருப்பதாலேயே பன்மை என்றும் முடிவு கட்ட முடியாது. நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், மீசல்ஸ் மூன்றும் ஒருமை வினை கேட்கும். மலாயில் கூரா-கூரா என்று இரட்டித்தாலும் ஓர் ஆமையைக் குறிக்கலாம் அல்லவா, அதுபோல. மறுபக்கம், -ஸ் விகுதி இல்லாத போலீஸ் என்ற சொல்லும் கேட்டில் என்ற கால்நடைச் சொல்லும் எப்போதும் பன்மை வினையோடுதான் வரும். சிசர்ஸ், டிரவுசர்ஸ் ஆகியவற்றை எண்ண அ பேர் ஆஃப் வேண்டும். இந்த ஏமாற்று ஆங்கிலேயர்களையே ஏமாற்றியிருக்கிறது. பட்டாணிக்கு முன்பு பீஸ் என்பதே ஒருமை. கடைசி ஸகரத்தைப் பன்மை விகுதி என்று நினைத்துக் கழற்றிவிட்டார்கள், பீ என்று புதிய ஒருமை பிறந்தது.

அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர்களுக்கு லத்தீன், கிரேக்கச் சொற்கள் தனிப் பாடம். செம்பனையைத் தாக்கும் கனோடெர்மா ஒரு ஃபங்கஸ், பன்மை ஃபங்கை. காண்டாமிருக வண்டின் புழு லார்வா, பன்மையில் லார்வீ. பாக்டீரியா என்பதே பன்மை, ஒருமை பாக்டீரியம். பாக்டீரியாஸ் என்று எழுதினால் பிழை. -இஸ் என்று முடியும் அனாலிசிஸ், ஹைப்பாதிசிஸ், கிரைசிஸ் எல்லாம் பன்மையில் -ஈஸ் என்று நீளும். ஆனால் -அஸ் என்று முடிவதெல்லாம் -ஐ ஆகாது. வைரஸுக்கு வைரசஸ், கேம்பஸுக்கு கேம்பசஸ், தீபாவளிக்குக் கிடைக்கும் போனஸுக்கு போனசஸ்.

இனி உச்சரிப்பு. சாதாரண -ஸ் விகுதிக்கு மூன்று ஒலிகள். ப், ட், க், ஃப் போன்ற அதிராத ஒலிக்குப் பின் காற்று மட்டும் வரும் ஸ்: கப்ஸ், எஸ்டேட்ஸ். உயிர் ஒலிக்கும் அதிரும் மெய்க்கும் பின் அதிரும் ஸ்: டிரீஸ், பைகளைக் குறிக்கும் பேக்ஸ், நைவ்ஸ். ஸ், ஷ், ச், ஜ் போன்ற சீறும் ஒலிக்குப் பின் தனி அசையாக இஸ்: செம்பனைக் குலையைக் குறிக்கும் பன்ச்சுக்கு பன்ச்சஸ், பாக்ஸுக்கு பாக்ஸஸ். தமிழ் எழுத்து முதல் இரண்டையும் பிரித்துக் காட்டாது, காதும் விரலும்தான் காட்ட வேண்டும். இரண்டு விரலைக் குரல்வளையில் வைத்து கப்ஸ், பேக்ஸ் என்று மாறி மாறிச் சொன்னால் இரண்டாவதன் முடிவில் அதிர்வு தெரியும்.

மூன்றில் கடைசியாகப் பழகுவது இஸ். 1958-இல் ஜீன் பெர்கோ என்ற உளமொழியியலார், ஆங்கிலம் தாய்மொழியான 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு வக் என்று இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, இரண்டு இருந்தால் என்னவென்று கேட்டார். பெரும்பாலோர் தயங்காமல் வக்ஸ் என்றார்கள். கேட்டே இராத சொல்லுக்கும் விதியைப் போட்டுவிட்டார்கள். ஆனால் டாஸ், கச் போன்ற புதுச் சொற்களைக் கொடுத்தபோது பலர் எதையும் சேர்க்காமல் விட்டார்கள், கிளாஸஸ் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள்கூட. சொல் ஏற்கெனவே ஸகரத்தில் முடிவதால் அது பன்மை போலவே காதில் பட்டுவிடுகிறது.

சுங்கை சிப்புட் பிள்ளை டூ பாக்ஸ் என்று சொல்வதற்கும் இதே காரணம் உண்டு, கூடவே தமிழில் ரெண்டு பெட்டி என்று நிறுத்தும் பழக்கமும். எனவே பயிற்சியை இங்கே குவிப்பது நல்லது. பிள்ளைக்குத் தெரிந்த பத்துச் சொல்லை எடுக்க வேண்டும்: பஸ், பாக்ஸ், கிளாஸ், பிரஷ், வாட்ச், பன்ச், பெஞ்ச், பேஜ், ஹௌஸ், ஃபேஸ். ஒருமைக்கு ஒரு தட்டு, பன்மைக்கு இரண்டு தட்டு என்று மேசையில் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். பஸ் ஒரு தட்டு, பஸஸ் இரண்டு. தட்டு இரண்டு வராவிட்டால் அசை விழுந்துவிட்டது என்று பிள்ளைக்கே தெரியும். இது கைவந்த பிறகு கப், பேக், டிரீ ஆகியவற்றை நடுவில் கலக்க வேண்டும். அவற்றின் பன்மைக்குத் தட்டு கூடாது, பஸுக்குக் கூடும். எங்கே கூடுகிறது, எங்கே கூடுவதில்லை என்று பிள்ளையே சொல்லத் தொடங்கும்போது எழுத்தில் எங்கே -ஈஎஸ் போட வேண்டும் என்பதும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். பேஜ், ஹௌஸ், ஃபேஸ் போல ஏற்கெனவே ஈ எழுத்தில் முடிபவற்றுக்கு எஸ் மட்டும் போதும்.