பழுப்பாகும் சர்க்கரையிலிருந்து வரும் ஒளி

1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மய்யார், குளுக்கோஸையும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் நீரில் கரைத்துச் சூடாக்கினார். கரைசல் மஞ்சளாகி, பிறகு அடர்பழுப்பாகியது. தோசையின் முறுகலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் இந்த வினையே பெரும் காரணம். அது நடக்கும்போது மிக மங்கலான ஒளியும் வெளிப்படுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. தனித்தனி ஒளித்துகள்களை எண்ணும் ஒளிப்பெருக்கிக் குழாயை இருட்டறையில் வைத்தால் பதிவாகும்.

சூடான பொருள் ஒளிர்வது இயல்புதானே என்று தோன்றலாம். ஆனால் வெப்பத்தால் மட்டும் ஒரு பொருள் ஒளிர்வது நம் கண்ணுக்குத் தெரிய, ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸ் வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளித்துகள் ஒன்றுக்குக் குறைந்தது 1.8 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றல் தேவை. 100 டிகிரியில் வெப்பம் ஒரு மூலக்கூறுக்குத் தருவதோ 0.03 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். ஆகவே இந்த ஒளி அடுப்பிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. அதைத் தருவது வேதிவினைதான்.

எப்படி? அமினோ அமிலத்தின் நைட்ரஜன் சர்க்கரையின் கார்பனைப் பற்றிக்கொள்கிறது, நீர் வெளியேறுகிறது. உருவான சேர்மம் தன் அணுக்களை இடம் மாற்றிக்கொண்டு, பின் சிதைந்து, வினைத்திறன் மிக்க துண்டுகளையும், இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகளையும் தருகிறது. இவற்றோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரும்போது பெராக்சைடுகள் உருவாகின்றன. பெராக்சைடில் இரு ஆக்சிஜன் அணுக்களை இணைக்கும் பிணைப்பு வலுவற்றது. அது முறிந்து, வலுவான கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு பிறக்கும்போது பெரும் ஆற்றல் ஒரே வீச்சில் விடுபடுகிறது. அப்போது சில மூலக்கூறுகளின் எலக்ட்ரான்கள் மேல்நிலைக்குத் தாவுகின்றன. அவை கீழிறங்கும்போது ஒளி வருகிறது. ஒளியின் பிறப்புக்கு வேதியியலாளர்கள் தரும் முக்கிய விளக்கம் இது.

மின்மினியும் பெராக்சைடு முறிவைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் அதன் நொதி, கிளர்வுற்ற (எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவிய) மூலக்கூறைத் தன் மடிப்புக்குள் பொதிந்து காக்கிறது. சர்க்கரைக் கரைசலில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கிளர்ந்த மூலக்கூறுகளில் மிகப் பெரும்பாலானவை அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு மோதி, ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. ஒளி இவ்வளவு மங்குவது இதனால்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஆக்சிஜனின் பங்கு. பழுப்பு நிறம் உருவாக ஆக்சிஜன் கட்டாயமில்லை. ஒளிக்கு அது வேண்டும். வினையின் தொடக்கக் கட்டத்திலேயே ஒளி வரத் தொடங்குவதால், நிறம் அடர்வதற்குள்ளாகவே உணவில் தனி உறுப்புகளும் ஆக்சிஜனும் என்ன செய்கின்றன என்பதை ஆய்வாளர்களால் கவனிக்க முடிகிறது.