ஐஎஸ்ஓ எழுதுவதற்கு முன் எந்த டிரைவ் என்று பாருங்கள்

போன வாரமும் என்னிடம் ஒருவர் வந்தார், கையில் ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோடு. "சார், லினக்ஸ் மின்ட் போடலாம்னு உட்கார்ந்தேன், இதுல இருந்த கல்யாண போட்டோ எல்லாம் காணோம்." காணாமல் போகவில்லை. பென்டிரைவ் என்று நினைத்து இதன் மேலேயே மின்டை, அதாவது விண்டோஸுக்குப் பதில் போடும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையை, எழுதிவிட்டார்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததிலிருந்து இப்படி வருகிறவர்கள் அதிகம். பழைய லேப்டாப்பைக் கடாசாமல் லினக்ஸ் போடுவது நல்ல முடிவுதான். டிவிடியும் தேவையில்லை, பென்டிரைவ் போதும். எழுதும் விதத்தில்தான் கோளாறு.

சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம் முதலில். லினக்ஸ் போட நெட்டிலிருந்து இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பை பென்டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. "கோப்பு உள்ளேதானே இருக்கு?" என்கிறார்கள். இருக்கிறது, சினிமா படம் கிடப்பதுபோல அதுவும் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் நகல். ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு கருவி அதைப் பிரித்து, பூட் ஆகும்படி பென்டிரைவில் இறக்க வேண்டும். அப்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தது எல்லாம் போய்விடும். அது கருவியின் குறை இல்லை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பு ஐஎஸ்ஓ 4 ஜிபிக்கு மேல் இருப்பதால், அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காத ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் அதைக் கோப்பாகக்கூட வாங்காது. உடனே "பென்டிரைவ் டூப்ளிகேட் சார்" என்று கடைக்காரரைத் திட்டப் போய்விடுகிறார்கள்.

"வீடியோவில் காப்பிதானே செய்தார்கள்?" அது வென்டாய், காப்பி செய்த ஐஎஸ்ஓவிலிருந்தே பூட் ஆக வைக்கும் கருவி. முதலில் வென்டாயை பென்டிரைவில் நிறுவிவிட்டுத்தான் காப்பி செய்திருப்பார்கள். அந்தப் பகுதியைத்தான் நீங்கள் ஓட்டிவிட்டீர்கள்.

அடுத்தது டிடி, லினக்ஸில் ஐஎஸ்ஓவை டிரைவில் எழுதும் கட்டளை. நெட்டில் டிரைவின் பெயராக 'எஸ்டிபி' என்று இருப்பதை அப்படியே ஒட்டாதீர்கள். எழுதியவரின் மெஷினில் அது பென்டிரைவ். உங்கள் மெஷினில் அது உங்கள் மகளின் பிறந்தநாள் போட்டோக்கள் உள்ள டிஸ்க்காக இருக்கலாம். டிடி "நிச்சயமா?" என்று கேட்காது. டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்து அளவைப் பாருங்கள்: 931.5ஜி என்று காட்டுவது ஒரு டெராபைட் டிஸ்க், 14 சொச்சம் காட்டுவது 16 ஜிபி பென்டிரைவ். அதைவிட எளிய வழி, எழுதும்போது மற்ற டிஸ்க்குகளை எல்லாம் பிடுங்கி வைப்பது.

இறக்கிய ஐஎஸ்ஓவின் செக்சம்மை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை, ஒப்பிட்டுப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் மின்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு (வெளியாள் ரகசியமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். செக்சம்மும் அதே தளத்தில்தான் இருக்கும் என்பதால் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பமான ஜிபிஜி கையொப்பத்தையும் பார்ப்பது உத்தமம்.

ஏற்கெனவே உபுண்டு 22.04 ஓடுகிறதா? 24.04-க்குப் போக பென்டிரைவே வேண்டாம், உள்ளிருந்தே அப்கிரேடு செய்யலாம். பேக்கப் எடுங்கள், சார்ஜரைச் செருகுங்கள், அப்புறம் தொடங்குங்கள்.

தப்பான டிஸ்க்கில் எழுதிவிட்டீர்களா? உடனே கழற்றிவிடுங்கள். விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால், தயவுசெய்து, வேண்டாம் என்று அமுக்குங்கள். ஐஎஸ்ஓ உட்கார்ந்த இடத்தில் இருந்தது திரும்பாது. மிச்சத்தை போட்டோரெக் போன்ற கருவியால் ஓரளவு தோண்டி எடுக்கலாம். கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் வராது. எடுத்ததை அதே டிஸ்க்கில் போடக் கூடாது. வரும்போது காலியான இன்னொரு டிஸ்க்கும் கொண்டு வாருங்கள்.