வழுவும் வழுவமைதியும்

நிரலில் நேரும் தவறை ஆங்கிலத்தில் 'பக்' என்பார்கள். தமிழ்க் கணிமையில் அதற்கு வழு என்ற சொல் வேரூன்றிவிட்டது. 1947-இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் சிக்கிய விட்டில்பூச்சியிலிருந்து 'பக்' பிறந்ததென்பார்கள். பூச்சியும் அதை ஒட்டிவைத்த பதிவேடும் உண்மைதான் என்றாலும், எடிசன் 1878-லேயே இயந்திரக் கோளாறுக்கு அச்சொல்லை எழுதியிருக்கிறார். நம் சொல்லுக்குப் பூச்சி தேவைப்படவில்லை. வழுவுதல் என்றால் தவறுதல், நழுவுதல். பாம்பன் படகுத்துறையின் பாசி பிடித்த படியில் கால் வைத்தவருக்கு, வழுக்குதலோடு அதற்குள்ள உறவு புரியும்.

இலக்கணத்தில் வழு பழைய சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களை நன்னூல் எண்ணுகிறது. அதோடு வழுவமைதி என்ற ஒன்றும் உண்டு: விதிப்படி தவறேயானாலும், ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் வழக்கு அது. கரை திரும்பும் தம் வத்தைப் படகைப் பார்த்து ஒருவர் "என் ராசாத்தி வந்துட்டா" என்றால் அது உவப்பினால் வந்த திணை வழுவமைதி. யாரும் திருத்தப் போவதில்லை.

கணினியில் நாம் இடும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல் ஷெல். பழைய ஷெல்லைப்போல நடந்துகொள்ளும் அதன் ஒத்தியல்பு முறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன். 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லுக்காக எழுதப்பட்ட நிரல்கள் இன்றும் ஓட வேண்டும் என்பதற்காக, பின்வந்த ஷெல்கள் பழைய நடத்தையை வேண்டுமென்றே மேற்கொள்கின்றன. அவற்றில் ஒன்றான இசட்-ஷெல்லில், மதிப்பைத் தாங்கும் பெயரான மாறியை மேற்கோள்குறி இடாமல் எழுதி, அதில் 'பாறை மீன்' என்றிருந்தால் அது ஒரே சொல்லாகவே நிற்கும். பழைய ஷெல்லாக நடக்கச் சொல்லும் 'எமுலேட் எஸ்எச்' கட்டளையை இட்டதும் அது பாறை, மீன் என இரண்டாகப் பிளக்கும். புதிய ஷெல்லின் கண்ணுக்கு வழுவாகத் தெரிவது, மரபு கருதி அங்கே அமைதி பெறுகிறது.

ஆனால் ஷெல்லே விழுந்துவிட்டால் அதற்கு அமைதி கிடையாது. 'கிராஷ்' என்பதற்குச் செயலிழப்பு என்று எழுதுகிறோம். நின்றுபோன எந்திரத்துக்கும் அதே சொல் என்பதால், கவிழ்தல் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மண்டபத்தில் ஒரு ஐஸ் கடையின் கணக்கு நிரலை ஒத்தியல்பு முறையில் ஓட்டியபோது, அதை அழைத்த மேல்நிரலுக்கு, ஓட்டம் எப்படி முடிந்தது என்று சொல்லும் வெளியேற்ற எண்ணாக 139 வந்தது. 128-உடன் 11 சேர்ந்த எண் அது; தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டதற்காக இயங்குதளம் அனுப்பும் 11-ஆம் சைகையால் ஷெல் மாண்டது என்று பொருள். நிரலில் பிழையிருந்தால் ஷெல் முணுமுணுத்துவிட்டு நிற்க வேண்டுமே தவிர, தான் கவிழக்கூடாது.

ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்புகளைத் தவிர்த்து ஓட்டியும் கவிழ்ந்ததால், எங்கள் சொந்த அமைப்புகள் காரணமல்ல என்றானது. அடுத்து, ஒத்தியல்பு முறை இயக்கும் விருப்பங்களை ஒவ்வொன்றாக அணைத்தோம். சொற்பிளப்பை அணைத்ததும் ஓடியது. கவிழ்ந்த கணத்தில் சேமிக்கப்பட்ட நினைவகப் படிவத்தை ஜிடிபி என்ற வழு ஆய்வுக் கருவியில் திறந்து, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற அழைப்புத் தடத்தைக் கேட்டால், மேல்வரியில் நின்றது ஷெல்லின் சொந்தச் செயற்கூறு. எங்கள் நிரலின் பெயர் எங்கும் இல்லை. மாறிக்கு மேற்கோள்குறி இட்டதும் கவிழ்வது நின்றது. இதை வழுநீக்கம் என்று எழுதக் கை வரவில்லை. பாறை இருந்த இடத்திலேயே இருக்கிறது, வத்தையைத்தான் விலக்கி ஓட்டியிருக்கிறோம்.