சர்க்குலர் எகானமி: சுழற்சியா, வட்டமா, சுற்றோட்டமா?

போன கோடையில் மாமாவின் தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது. 3 எச்.பி. மோனோபிளாக். வோல்டேஜ் இறங்கி, காயில் சூடேறி, புகை வந்த பிறகுதான் கவனித்தோம். வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூர் ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு வைண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் மூடியைக் கழற்றி, மோந்து பார்த்தார். கருகிய வார்னிஷ் வாசம் எனக்கே தெரிந்தது.

"காப்பர் போச்சுங்க. அதை எடை போட்டுப் பில்லுல கழிச்சுக்கலாம். பாடிக்கு ஒண்ணும் ஆகலை, இன்னும் 20 வருஷம் ஓடும்" என்றார்.

அங்கேயே ஒரு மோட்டார் இரண்டாகப் பிரிந்தது. கருகிய செம்புக் கம்பி தராசுக்குப் போனது. அங்கிருந்து பழைய உலோக வியாபாரி, அப்புறம் உலை. வார்ப்பிரும்பு உடல், ஸ்டேட்டர் என்கிற சுழலாத பகுதியின் தகடுகள், ஷாஃப்ட் எல்லாம் பட்டறையிலேயே இருந்தன. அவற்றுக்குள் புதுக் காயில் ஏறும், புது பேரிங் ஏறும், மோட்டார் மறுபடி கிணற்றடிக்கு வந்துவிடும்.

அன்று என் பையில் மொழிபெயர்க்க வாங்கிவந்த ஒரு கட்டுரை இருந்தது. அதன் தலைப்பிலேயே 'சர்க்குலர் எகானமி'. இதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருந்தேன். சுழற்சிப் பொருளாதாரம் என்றும், வட்டப் பொருளாதாரம் என்றும் பத்திரிகைகளில் வருகிறது. சிலர் மறுசுழற்சிப் பொருளாதாரம் என்றே எழுதிவிடுகிறார்கள். இந்த மூன்றாவதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் என்று அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது.

முதலில் பொருள். மண்ணிலிருந்து எடு, பொருளாகச் செய், பயன்படுத்து, குப்பையில் போடு என்று ஒரே திசையில் ஓடுவது இன்றைய தொழில்முறை. அப்படி ஓட விடாமல், செய்த பொருளை எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் புழக்கத்தில் வைத்திருப்பது, புழக்கம் முடிந்தாலும் அதன் பாகங்களையும் மூலப்பொருளையும் திரும்பத் தொழிலுக்குள் கொண்டுவருவது, இதற்கு ஏற்றாற்போல் தொடக்கத்திலேயே பொருளை வடிவமைப்பது ஆகியவை சேர்ந்ததுதான் சர்க்குலர் எகானமி. 2024ல் வந்த ஐ.எஸ்.ஓ. 59004 என்ற பன்னாட்டுத் தரநிலை இந்தத் துறையின் கலைச்சொற்களை வரையறுத்து, கொள்கைகளையும் வழிகாட்டுதலையும் சேர்த்துத் தருகிறது. சொற்கள் அவ்வளவு குழம்பிக் கிடந்தன.

வேர் பார்த்தால், 'சர்க்குலர்' லத்தீனின் சிர்க்குலுஸிலிருந்து வந்தது. சின்ன வளையம் என்று பொருள். 'எகானமி' கிரேக்கத்தின் ஒய்க்கோஸ், அதாவது வீடு. வீட்டை நிர்வகிப்பதுதான் எகானமியின் முதற்பொருள். குடித்தனம் நடத்துவது என்று சொல்லலாம். நாம் சொல்லும் பொருளாதாரத்தில் வீடு இல்லை, பொருளும் ஆதாரமும் இருக்கின்றன. அது நிலைத்துவிட்ட நல்ல சொல், அதில் கைவைக்க வேண்டியதில்லை.

இந்தச் சிந்தனைக்கு ஒரே தகப்பன் கிடையாது. 1966ல் கென்னத் போல்டிங் என்ற பொருளியலாளர், பூமியை ஒரு விண்கலமாகப் பாருங்கள், வெளியிலிருந்து எதுவும் வராது, வெளியே எறியவும் இடம் கிடையாது என்று எழுதினார். 1976ல் சுவிட்சர்லாந்தின் வால்டர் ஸ்டாஹெலும் ஜெனவியேவ் ரெடேயும் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஸ்டாஹெல் கட்டடக் கலைஞர். ஆற்றலுக்குப் பதிலாக மனித உழைப்பைப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் அந்த அறிக்கையின் கேள்வி. சர்க்குலர் எகானமி என்ற பெயர் டேவிட் பியர்ஸ், கெர்ரி டர்னர் என்ற இரண்டு பிரிட்டிஷ் பொருளியலாளர்கள் 1990ல் எழுதிய பாடநூல் வழியாகப் பரவியது. 2005ல் 71 நாளில் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய எலன் மெக்கார்தர், 2010ல் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி அதைப் பெரிய நிறுவனங்களின் மேசைக்குக் கொண்டுபோனார். கொண்டுபோன உணவும் எரிபொருளும்தான் கையில் உள்ளவை, நடுக்கடலில் வேறு எதுவும் கிடைக்காது என்பதைப் படகில் இருந்து பார்த்தவர் அவர்.

சரி, மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மானியர்கள் 1996ல் நடைமுறைக்கு வந்த தங்கள் சட்டத்தில் கிரைஸ்லாஃப் என்ற சொல்லை வைத்தார்கள். கிரைஸ் என்றால் வட்டம், லாஃப் என்றால் ஓட்டம். உடம்பில் ரத்தம் சுற்றி ஓடுவதற்கும் அவர்களிடம் இதே சொல்தான். ஜப்பான் 2000த்தில் இயற்றிய அடிப்படைச் சட்டத்தில் ஜுன்கான் என்ற சொல் வருகிறது. சீனா 2008ல் இயற்றி 2009ல் நடைமுறைப்படுத்திய சட்டத்தில் ஷுன்ஹுவான். இரண்டும் ஒரே எழுத்துகளால் எழுதப்படும் ஒரே சொல், ரத்த ஓட்டத்துக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆக இந்த மூன்று மொழிகளிலும் உருவகம் ஒன்றுதான்: உடம்பு. ஆங்கிலத்திலோ ஓட்டம் விழுந்துபோய் வட்டம் என்ற வடிவம் மிஞ்சியது. நாம் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததால் நமக்கும் வட்டம் வந்து சேர்ந்தது.

வட்டப் பொருளாதாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் வட்டம் என்றால் தாலுகா. வட்டாட்சியர், வட்ட வழங்கல் அலுவலர் என்று தினமும் படிக்கிற கண்ணுக்கு வட்டப் பொருளாதாரம் அவிநாசி வட்டத்தின் பொருளாதாரமாகத்தான் தெரியும்.

சுழற்சி பரவாயில்லை. அசைவு இருக்கிறது. சுழல் பழைய சொல்லும்கூட. 'சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்' என்று குறளில் வருகிறதே, அங்கே அதற்கு அலைந்து திரிவது என்று பொருள். ஆற்றில் சுழல் என்றால் ஆளை உள்ளே இழுப்பது. எந்தப் பயனும் இல்லாமல் ஒரே இடத்தில் சுற்றுவதும் சுழற்சிதான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான தொல்லை, அதன் பக்கத்திலேயே மறுசுழற்சி உட்கார்ந்திருப்பது. ரீசைக்கிளிங்குக்கு நாம் மறுசுழற்சி என்று வைத்து, அது பள்ளிப் பிள்ளைகள் வரை போய்விட்டது. அதனால் சுழற்சிப் பொருளாதாரம் என்றதும் வாசகர் மனத்தில் பச்சை நிறக் குப்பைத்தொட்டியும் மூன்று அம்புக்குறியும் வந்துவிடுகின்றன. இந்தத் துறையின் வல்லுநர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவது அதற்கு நேர் எதிரானது: மறுசுழற்சி கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டியது.

ஸ்டாஹெல் இதை ஒரு வரிசையாகவே சொல்லிவைத்திருக்கிறார். உடையாத பொருளைப் பழுது பார்க்க வேண்டாம். பழுது பார்த்தால் போதும் என்றால் மறுவுற்பத்திக்கு அனுப்ப வேண்டாம். மறுவுற்பத்தி செய்ய முடிகிற பொருளை உருக்க வேண்டாம். காரணம் எளிமையானது. தொழில்துறை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு சுரங்கம், உலை, சிமெண்ட் ஆலை போன்ற மூலப்பொருள் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த மூலப்பொருளைப் பண்டமாக மாற்றும் கட்டத்துக்குக் கால் பங்குதான். ஆள் உழைப்பு தலைகீழ்: மூலப்பொருள் கட்டத்துக்குக் கொஞ்சம், பண்டமாக்கும் கட்டத்துக்கு அதைப்போல் 3 மடங்கு. ஆகவே ஒரு பொருளின் உடலைக் காப்பாற்றிப் பழுது பார்த்தால் ஆற்றல் மிச்சமாகிறது, வேலையும் கூடுகிறது. 1976 அறிக்கையின் சாரம் இதுதான். ஆவாரம்பாளையத்தில் வார்ப்பிரும்பு உடலை உருக்காமல் வைத்துக்கொண்டு, மூன்று நாள் ஆள் வேலை பார்த்தார்களே, அதே கணக்கு.

மறுவுற்பத்தி என்று எழுதினேன். இதையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரீமேனுஃபாக்சரிங்கைத் தமிழில் பலர் பழுதுபார்ப்போடு கலந்துவிடுகிறார்கள். ஓடித் தேய்ந்த பொருளை முழுக்கப் பிரித்து, கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, தேறாததை மாற்றி, திரும்பப் பூட்டி, புதுப் பொருளுக்கு உள்ள அதே சோதனைகளை வைத்து, புதுப் பொருளுக்கு இணையான உத்தரவாதத்தோடு கொடுப்பது மறுவுற்பத்தி. 2009ன் பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 8887-2 இந்த உத்தரவாதத்தைத்தான் எல்லைக்கோடாக வைக்கிறது. பிரான்சில் ரெனோ நிறுவனம் 1949 முதல் ஷ்வாசி-லெ-ருவா ஆலையில் எஞ்சின்களையும் கியர்பாக்ஸ்களையும் இப்படிச் செய்துவந்தது. கேட்டர்பில்லர் 1973ல் தொடங்கியது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தின் நபில் நாசர் தன் வாழ்நாள் வேலையாகவே இதை எடுத்துக்கொண்டார். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் பன்னாட்டு வளக் குழுவுக்காக 2018ல் அவர் தலைமையில் வந்த அறிக்கை, நேரடி மறுபயன்பாடு, பழுதுபார்ப்பு, புதுப்பித்தல், மறுவுற்பத்தி ஆகிய நான்கையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவருகிறது. அந்தக் குடைக்கு நான் 'மதிப்புக்காப்பு முறைகள்' என்று எழுதுகிறேன். பொருளுக்குள் ஏற்கெனவே போட்ட உழைப்பும் ஆற்றலும் வீணாகாமல் காப்பது என்பதால்.

நம் பட்டறைகளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: ரீகண்டிஷன். எஞ்சினுக்கு ரீபோர், டயருக்கு ரீட்ரெட், மோட்டாருக்கு ரீவைண்டிங் என்று தனித்தனிச் சொல் இருந்தாலும், மொத்தமாகக் கேட்டால் ரீகண்டிஷன்தான். இலங்கையில் அதே சொல் ஜப்பானிலிருந்து இறங்கும் பழைய வாகனத்தைக் குறிக்கும். பேட்டரிக் கடையில் பழசைக் கொடுத்தால் புதுசின் விலை குறைகிறது அல்லவா, மறுவுற்பத்தி ஆலைகளும் இதே வழியில்தான் தேய்ந்த பாகங்களைத் திரும்பப் பெறுகின்றன. ஆங்கிலத்தில் அந்தத் தேய்ந்த பாகத்தைக் 'கோர்' என்கிறார்கள். கருவகம், உள்ளகம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கடையில் சொல்கிற 'பழசு' போதும். எல்லோருக்கும் புரியும்.

அப்படியானால் மாமாவின் மோட்டாருக்கு நடந்தது மறுவுற்பத்தியா? இல்லை. நல்ல பழுதுபார்ப்பு. ரீவைண்டிங்கிலும் தரம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் பழைய காயிலை எளிதாக உருவ ஸ்டேட்டரை அப்படியே தீயில் வாட்டுவார்கள். ஸ்டேட்டர் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகட்டின் மேலும் மின்காப்புப் பூச்சு இருக்கும். அளவுக்கு மீறிய சூட்டில் அந்தப் பூச்சு கருகினால், மோட்டார் ஓடும், ஆனால் சூடாக ஓடும், முன்னைவிட அதிகக் கரண்ட் தின்னும். 370 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்துவது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. கம்பியின் கனத்தைக் குறைத்துக் கட்டினாலும் இதே கதிதான். சரியாகக் கட்டினால் திறன் குறையாது. உடலைக் காப்பாற்றிவிட்டு மின்சாரத்தில் கோட்டை விட்டால் கணக்கு நேராகாது. மறுவுற்பத்திக்கு உத்தரவாதத்தை எல்லையாக வைத்ததன் நியாயம் இங்கே தெரிகிறது.

உருக்குவதும் பஞ்சாக்குவதும் கீழானவை என்று நான் சொல்ல வரவில்லை. திருப்பூர், சோமனூர் பக்கத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் பனியன் கட்டிங் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, சாயமே போடாமல் நிற நூல் நூற்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் ஒவ்வொரு முறை கிழிபடும்போதும் இழை குட்டையாகிறது, குட்டை இழை தனியாக நிற்காது, கூடவே பாலியெஸ்டரோ புதுப் பஞ்சோ சேர்க்க வேண்டியிருக்கிறது. பொருள் திரும்பி வருகிறது, போன உயரத்துக்கு வருவதில்லை. மறுசுழற்சிக்கு இப்படி ஒரு விலை உண்டு. ஆகையால் அதை முழுப் பொருளாதாரத்துக்கும் பெயராக வைக்கக் கூடாது.

கூடவே வரும் இன்னொரு தொடர் 'சஸ்டெய்னபிள் மேனுஃபாக்சரிங்'. சஸ்டெய்ன் என்பது கீழிருந்து தாங்கிப் பிடிப்பது. தமிழ்நாட்டில் நீடித்த, நிலையான என்று எழுதுகிறோம். இலங்கையில் நிலைபேறான. எனக்கு நிலைபேறு பிடிக்கும், பேறு என்பதில் பெற்றுக் காப்பது இருக்கிறது. மேனுஃபாக்சரிங்கின் வேர் மானுஸ், அதாவது கை. கையால் செய்வது. தமிழ்நாட்டில் கைத்தொழில் என்றால் கூடை முடைவதும் பாய் பின்னுவதும் என்று சுருங்கிவிட்டது. இலங்கையிலோ பெரிய ஆலைகளும் கைத்தொழில்தான், கைத்தொழில் அமைச்சு என்றே ஒன்று உண்டு. லத்தீனுக்கு அவர்கள்தான் பக்கத்தில் இருக்கிறார்கள். எனினும் பொது வாசகருக்கு 'நிலைபேறான உற்பத்தி' என்று எழுதினால் தடங்கல் இல்லை.

இனி சர்க்குலர் எகானமி. என் ஓட்டு சுற்றோட்டப் பொருளாதாரத்துக்கு. சுற்று, ஓட்டம் என்று கிரைஸ்லாஃபுக்கு உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் விலங்குகளின் சுற்றோட்டம் என்று படித்த பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்தில் குருதிச் சுற்றோட்டம் என்று படித்த பிள்ளைக்கும் இது புதுச் சொல் இல்லை. ஒரே ரத்தம் சுத்தமாகித் திரும்பத் திரும்ப ஓடுகிறது, நாள்தோறும் புது ரத்தம் ஏற்றிப் பழையதைக் கொட்டுவதில்லை என்ற படம் தானாக மனத்தில் விழும். மறுசுழற்சியோடு மோதாது. சுழற்சிப் பொருளாதாரம் என்று எழுதுகிறவரை நான் திருத்த மாட்டேன், அது ஓரளவு வேரூன்றிவிட்டது. மறுசுழற்சிப் பொருளாதாரம் என்று எழுதினால் கட்டாயம் திருத்துவேன்.

பட்டறையில் அன்று நான் கடைசியாகப் பார்த்தது இது. பட்டறைக்காரர் கருகிய காயிலின் ஒரு முனையை உளியால் வெட்டி மறுமுனையில் உருவினார். உருவியதை உடனே தராசில் போடவில்லை. ஒரு காயிலைத் தனியே எடுத்து வைத்து, வெட்டிய முனையில் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார். கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்தார். எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீள நோட்டில் மாமாவின் ஊர்ப் பெயரை எழுதி, அதற்கு நேரே இரண்டு எண்களைக் குறித்தார்: என்ன கேஜ், எத்தனை சுற்று. அப்புறம்தான் காப்பர் தராசுக்குப் போனது.