பேட்டி, நேர்காணல், செவ்வி

“ஒய்பிகிட்ட பேட்டி எடுக்கப் போறோம்.” மலேசியாவின் பினாங்கில் வீடமைப்புப் பகுதிச் செய்திகளைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துப் போடும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள். ஒய்பி என்பது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மலாயில் வழங்கும் ‘யாங் பெர்ஹோர்மாட்’ என்ற மரியாதைப் பட்டத்தின் சுருக்கம். நாளிதழில் அச்சேறும்போது அதுவே ‘மாண்புமிகு’ ஆகிவிடும். ‘எடுக்கப் போறோம்’ நம்முடையது. இடையில் நிற்கும் ‘பேட்டி’ எங்கிருந்து வந்தது?

அது தமிழ் வேரில் பிறந்த சொல் அன்று. மராத்தியிலும் இந்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சிறு ஒலி வேறுபாட்டோடு இதே சொல் வழங்குகிறது. எல்லாவற்றிலும் அடிப்படைப் பொருள் சந்திப்புதான். கன்னடக்காரர் ஊருக்குப் போய் உறவினரைப் பார்த்து வருவதையும் இதே சொல்லால் சொல்வார். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் சங்கதி எதுவும் மூலச் சொல்லில் கிடையாது.

மராத்தியிலும் இந்தியிலும் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: அன்பளிப்பு, காணிக்கை. பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகமாட்டான் என்பதால் சந்திப்பும் கொண்டுபோகும் பொருளும் ஒரே பெயரைப் பெற்றுவிட்டன. நாமும் இதில் சளைத்தவர்கள் அல்லர். காணப் போகும்போது கொடுப்பது காணிக்கை. அதற்கும் முந்தைய பெயர் கையுறை. இன்று கைக்கு மாட்டும் உறையைத்தான் அது குறிக்கிறது என்றாலும், பழைய பாட்டில் மன்னனுக்கும் காதலிக்கும் எடுத்துச் செல்லும் பரிசுப்பொருள் அது.

இந்தப் பழைய பொருள் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள் ஒரு தலைவரைப் பேட்டி காணப் போகும் நாளைக் கவனித்தால் தெரியும். முதலில் பொன்னாடை. அடுத்து பழக்கூடை. பிறகு எல்லாரும் வரிசையாக நின்று ஒரு படம். யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று இன்னொரு படம். தலைவர் தாம் படித்த காலத்துக் கஷ்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் உதவியாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். எட்டாம் மாடிப் பாட்டி இறங்க முடியாமல் கிடக்கிறாரே, லிப்ட் எப்போது சரியாகும் என்ற கேள்வி தாளின் கடைசி வரியில் இருக்கும். எழுந்து நிற்கும்போது அதைக் கேட்பார்கள். “கண்டிப்பா பார்க்கிறேன் தம்பி.” அவ்வளவுதான். மராத்தியர் அகராதிப்படி பார்த்தால் இது குறையில்லாத பேட்டி!

கூட வரும் வினைகளையும் பாருங்கள். தலைவர் பேட்டி ‘அளிப்பார்’, பேட்டி ‘கொடுப்பார்’. அளித்தல் மேலிருந்து கீழே வருவது. அருள் அளிப்பது, வரம் அளிப்பது போன்ற வரிசை அது. கேட்கிறவர் பக்கம் ‘எடுத்தல்’, ‘காணல்’. பேட்டி காண்பது என்று சொல்லும்போது தரிசனம் காண்பதன் சாயல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இதற்குத் தமிழ்ச் சொல்லாக இன்று பரவலாக நிற்பது நேர்காணல். நம் நாட்டுத் தமிழ் ஏடுகளிலும் வானொலியிலும் ஊன்றிவிட்ட சொல். நேர் என்பதற்கு எதிரெதிர் என்றும் பொருள், ஒப்பு என்றும் பொருள், வளையாதது என்றும் பொருள். மூன்றும் இந்த வேலைக்கு வேண்டியவை. முகத்துக்கு முகம் உட்கார வேண்டும். பதினாறு வயதுப் பெண் கேட்டாலும் கேள்வி கேள்விதான். சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் வாட்சப்பில் கேள்வி அனுப்பி, உதவியாளர் தட்டச்சு செய்து அனுப்பிய பதிலை அப்படியே போட்டுவிட்டு மேலே ‘சிறப்பு நேர்காணல்’ என்று தலைப்பிடுவது பிழை. அது எழுத்துவழிப் பதில். அப்படியே குறிப்பிட்டுப் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மூன்றாவது சொல் செவ்வி. ஈழத்தமிழ் ஏடுகளில் நேர்காணலைக் குறிக்க இது சர்வசாதாரணம். நம்மூரில் கேட்டால் காதோடு தொடர்புடைய ஏதோ ஒன்று என்று நினைப்பவர்களே அதிகம். செவிக்கும் இதற்கும் உறவில்லை. செம்மையான சமயம், ஏற்ற வேளை, பருவம் என்பவை செவ்வியின் பொருள்கள். அரசனைக் கண்டு குறை சொல்லக் கிடைக்கும் வேளையும் செவ்வியே. வள்ளுவர் வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் இதை எடுத்து ஆள்கிறார்:

“அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம்
பேஎய்கண் டன்னது உடைத்து.” (565)

எளிதில் பார்க்க முடியாதவன், பார்த்தாலும் முகம் கடுப்பவன்; அவனிடம் உள்ள பெருஞ்செல்வம் பேய் பார்த்து வைத்துக்கொண்ட செல்வம் மாதிரி. யாருக்கும் உதவாது. இறைமாட்சியில் ‘காட்சிக்கு எளியன்’ என்று புகழ்வதும் இதன் மறுபக்கம்தான். பேட்டி என்ற சொல்லில் பார்க்கப் போகிறவன் காணிக்கை கொண்டுபோக வேண்டும். செவ்வியிலோ பார்க்க இடம் தருவது ஆள்கிறவனின் கடமை. தராவிட்டால் குறளில் பேய் வரும்.

பினாங்குப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு ஏட்டுச்சுரைக்காய் இல்லை. நாற்பது சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்தலில் நின்று வந்தவர்கள். அடுத்த தேர்தலில் மக்கள் முன் வந்தாக வேண்டும். 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு என்பதால் இன்று கேள்வி கேட்கும் பதினேழு வயதுப் படிவம் ஐந்து மாணவி நாளையே வாக்காளர். ஆனால் லொங்காங் என்கிற சாக்கடையின் அடைப்பு, குப்பை, தெருவிளக்கு, அங்காடிக் கடை உரிமம் எல்லாம் மாநகர் கழகத்தின் கையில். அங்கே கவுன்சிலர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள். 1951இல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் மக்கள் நகராட்சிக்கு வாக்களித்தார்கள். 1965இல் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை முடித்தே வைத்தது. வாக்குச்சீட்டால் கேட்க முடியாத ஒருவரிடம் வாயால் கேட்பதுதான் மிச்சமிருக்கும் வழி. பொன்னாடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வது இதனால்தான். சால்வை வாங்கும் காசுக்கு ஒலிவாங்கி ஒன்று வாங்கலாம். ஃபிளாட் வாசலில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே பதிவு செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கேட்கிறவரின் பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இளம் நிருபர்’ என்று அட்டை மாட்டிக்கொள்கிறார்கள். நிருபம் என்றால் கடிதம், அரச ஆணை என்று பொருள். அதிலிருந்து செய்தி எழுதி அனுப்புகிறவர் நிருபர் ஆனார். வடமொழி வழி வந்தது. நிருபன் என்று இன்னொரு சொல் பழைய நூல்களில் உண்டு, அதற்கு அரசன் என்று பொருள். மன்னனைக் காணப் போகிறவருக்கும் மன்னனின் பெயரே அமைந்தது தற்செயல்தான், இருந்தாலும் வேடிக்கை. தமிழில் செய்தியாளர் போதும். 1950களில் கோ. சாரங்கபாணியின் சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசு, மாணவர் மணிமன்றம் என்ற மாணவர் பகுதியை வைத்து எழுதப் பழக்கிய பிள்ளைகள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாக நின்றார்கள். அவர்களுக்குத் தொடக்கத்தில் எந்த அட்டையும் கழுத்தில் இல்லை.

இனி எழுதும் முறை. ‘நேர்காணல் எடுத்தார்’ என்று பலரும் எழுதுகிறார்கள். பேட்டியின் வினை வந்து ஒட்டிக்கொண்டது அது. ‘நேர்கண்டார்’ என்றாலே போதும். பெயர் போடும்போது ‘நேர்கண்டவர்’, பலரென்றால் ‘நேர்கண்டோர்’. செவ்வியை முழுவதுமாக இங்கே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் ‘அப்பாயின்மென்ட்’ என்று நாம் அன்றாடம் சொல்வதற்கு அது கச்சிதமாகப் பொருந்தும்: ஒய்பியிடம் செவ்வி கேட்டிருக்கிறோம், செவ்வாய்க்கிழமை நேர்காணல்.

பேட்டியை அடியோடு விரட்ட முடியாது, பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ‘பேட்டி தட்டினார்’ என்று ஓயாமல் அறிக்கை விடுகிறவரைக் கிண்டலடிக்க வேறு சொல் நம்மிடம் இல்லை. குழப்பம் வருவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில். மலாய்க்காரர்கள் செய்திக்குச் செய்வதைத் ‘தெமு புவால்’ என்றும் வேலைக்குச் செய்வதைத் ‘தெமு டுகா’ என்றும் பிரித்துவிட்டார்கள். முதலாவது சந்தித்து உரையாடுவது, இரண்டாவது சந்தித்து ஆழம் பார்ப்பது. தமிழகத்தில் கட்சிகள் வேட்பாளர் தேர்வைக்கூட நேர்காணல் என்றே சொல்கின்றன. நாம் வேலைக்குரியதை நேர்முகத் தேர்வு என்று தனியே வைத்துக்கொண்டால், ‘கவுன்சிலருடன் மாணவர்கள் நேர்காணல்’ என்ற தலைப்பைப் பார்த்து மாநகர் கழகத்தில் வேலை காலியா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.